தொலைநோக்கி ஆடியின் மேற்பரப்புத் துல்லியம்

தொலைநோக்கி ஆடியின் மேற்பரப்புத் துல்லியம் என்பது, ஆடியின் பரப்பு உரிய வடிவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதைக் குறிக்கும் அளவாகும். காவலூரில் 1986இல் தொடங்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி பெங்களூரில் தேய்க்கப்பட்டது; சிறிய ஆடிகளை ஆர்வலர்கள் வீட்டிலேயே தேய்ப்பதுண்டு.

ரேலி விதிப்படி, உருவம் தெளிவாக அமைய ஒளியலையின் பிழை அலைநீளத்தில் கால் பங்கைத் தாண்டலாகாது. ஆடியிலுள்ள பள்ளத்தினுள் ஒளி சென்று மீள்வதால் பிழை இரட்டிக்கிறது. எனவே ஆடிப் பரப்பில் எட்டில் ஒரு பங்கு விலகலே ஏற்கத்தக்கது. 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு இது ஏறத்தாழ 69 நானோமீட்டர்.

கண்ணுக்குத் தெரியும் ஓரிரு கீறல்களால் பெரிய கேடில்லை; அவை சிறிதளவு ஒளியைச் சிதறடிக்கும், அவ்வளவே. கண்ணுக்குப் புலப்படாத அகன்ற மேடுபள்ளங்களே உருவத்தைக் கெடுக்கின்றன. ஃபூக்கோ 1858இல் வெளியிட்ட கத்திமுனைச் சோதனையில், ஒரு விளக்கும் சவர அலகும் கொண்டே இவற்றைக் காணலாம்.