நியூயார்க் மூடாத பள்ளிகள்

முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயிலிருந்த 1918-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இன்ஃபுளூயன்ஸா என்னும் விஷ ஜுரம் அமெரிக்க நகரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பீடித்து, திடகாத்திரமான வாலிபர்களையும் வாரிக்கொண்டு போனபோது, பெரும்பாலான நகரங்கள் பள்ளிக்கூடங்களை இழுத்து மூடிவிட, நியூயார்க், சிகாகோ, நியூஹேவன் முதலிய மிகச் சில நகரங்களே அவற்றைத் திறந்து வைத்திருந்தன. பெற்ற வயிறு பதறாதா? சிகாகோவில் கதவு திறந்திருந்தும், அதிகாரிகளின் வார்த்தையை நம்பாத பெற்றோர் பலர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

நியூயார்க்கின் சுகாதாரக் கமிஷனரான டாக்டர் ராயல் கோப்லண்டோ வேறொரு கணக்குப் போட்டார். நகரத்துப் பள்ளிகளில் பயின்ற சுமார் 10 லட்சம் குழந்தைகளில் முக்கால் பங்கினர், காற்றும் வெளிச்சமும் எட்டிப் பார்க்காத ஒண்டுக்குடித்தன வீடுகளிலிருந்து வந்தவர்கள். பள்ளியை மூடினால் அவர்கள் அந்த இருட்டறைகளிலோ தெருவிலோ கூடிக் கிடப்பார்களேயன்றி, ஏகாந்தமாய் அமர்ந்து பாடம் படிக்கப்போவதில்லை. குழந்தைகள் சுகாதாரத் துறையின் தலைவி டாக்டர் ஜோசபின் பேக்கரும் இதையே வற்புறுத்தினார். 1908-இல் அவர் தலைமையில் உருவான அத்துறை, பள்ளிதோறும் வைத்தியப் பரிசோதனையை வழக்கமாக்கியிருந்தது.

காரியம் நடந்த விதத்தைச் சற்று உற்று நோக்கவேண்டும். காலையில் வரும் பிள்ளைகள் முற்றத்தில் கூடி விளையாட அனுமதியின்றி நேரே வகுப்புக்குச் செல்வார்கள், ஆசிரியை ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தும்மலோ இருமலோ தென்பட்ட பிள்ளையைத் தனியே பிரித்தனுப்ப, மருத்துவர் பரிசோதிப்பார், ஜுரம் கண்டால், சுகாதார இலாகாவின் ஊழியர் ஒருவர் குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே தனியறையில் வைத்துப் பராமரிக்க வசதியுண்டா என்று கண்ணால் கண்டறிவார், இல்லையேல் ஆஸ்பத்திரிதான். பாஸ்டனையும் பிலடெல்பியாவையும் விட நியூயார்க்கில் மரண விகிதம் குறைவாகவே இருந்தது. அந்தப் புகழ் முழுவதையும் பள்ளிகளுக்கே சூட்டுவது நியாயமாகாது. கடைகளும் நாடகக் கொட்டகைகளும் திறக்கும் நேரத்தை மாற்றிமாற்றி வைத்து ரயில் நெரிசலைத் தணித்ததற்கும் அதில் பங்குண்டு. ஆனால் தாதியும் மருத்துவரும் இல்லாத ஊர் எதுவாயினும் கோப்லண்டைப் பின்பற்றியிருந்தால், அது விபரீதத்தில் முடிந்திருக்கும் என்பதே என் அபிப்பிராயம்.

1918-இல் பள்ளியை மூட மறுத்த சிகாகோ, 1937 செப்டம்பரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, அது குழந்தைகளையே குறிவைத்துத் தாக்கி முடமாக்கும் நோயாதலால், பள்ளி திறப்பதையே தள்ளிவைத்தது. பதிலாக, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சுமார் 3,15,000 பிள்ளைகளுக்கு ஆறு வானொலி நிலையங்களின் வாயிலாகக் கால்மணி நேரப் பாடங்கள் ஒலிபரப்பாயின. அன்றன்றைய பாடக் குறிப்பைத் தினசரிகள் அச்சிட்டன. சந்தேகம் கேட்கத் தொலைபேசியருகே ஆசிரியைகள் அமர்த்தப்பட, முதல் நாளே ஆயிரத்துக்கு மேற்பட்ட பெற்றோர் அழைத்துத் திணறடித்தார்கள். வானொலிப் பெட்டி இல்லாத வீடுகளும், பெட்டி இருந்தும் ஒலி தெளிவாக எட்டாத பகுதிகளும் இருந்தன. மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கோ, ஒருமுறை காற்றில் போன பாடம் போனதுதான்.

மூன்றே வாரங்களில் பள்ளிகள் திறந்துவிட்டபடியால், அந்த ஏற்பாடு ஓராண்டு நீடித்திருந்தால் ஏழைப் பிள்ளைகளின் கதி என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை, 2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்படும் வரை பெரும்பாலோர் கருத்தூன்றிக் கேட்கவில்லை.