தொப்பி, முகத்திரை, காது: மூன்று வேறு கேள்விகள்



உடைப் பிரச்சினை என்றதும் நம்மில் பலர் 2019ஐத்தான் நினைக்கிறோம். இந்நாட்டில் அது அதைவிடப் பழைய கதை.

1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்திற்கு வந்தார். பிரதம நீதியரசர் லேயார்ட் அதை அனுமதிக்கவில்லை. அப்துல் காதர் தொப்பியைக் கழற்றவும் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெரும் கண்டனக் கூட்டம் நடந்தது. முடிவில் தொப்பியுடன் வழக்காட அனுமதி கிடைத்தது.

அங்கே ஆள் யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆங்கிலேயருக்குத் தலையைத் திறப்பது மரியாதை. நமக்கு மூடுவது மரியாதை. சண்டை அதைப் பற்றியது.

2019 அப்படியல்ல. ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு, அடையாளம் காண முடியாதபடி முகத்தை மூடுவதை அவசரகால விதி தடை செய்தது. அதற்கு முன்பே முகத்திரையைத் தவிர்க்குமாறு ஜம்இய்யத்துல் உலமா நம் பெண்களைக் கேட்டிருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருந்ததை நாம் மறுக்கவில்லை.

ஆனால் விதி சொன்னது முகத்தை. பல இடங்களில் கேட்டது முக்காட்டை. முகம் முழுதாகத் தெரிந்த பெண்களும் அலுவலக வாசல்களில் நிறுத்தப்பட்டார்கள். மே மாத இறுதியில் அரச பெண் ஊழியர்கள் சேலை அல்லது ஒசரி அணிய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அபாயா அணிந்த ஆசிரியைகள் தவித்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகே அது திருத்தப்பட்டது. சேலைக்கும் அடையாளத்துக்கும் என்ன சம்பந்தம்?

2024இல் கேள்வி காதுக்கு வந்தது. காதை மறைத்திருந்ததாகக் கூறி, திருகோணமலையில் 70 மாணவிகளின் உயர்தரப் பெறுபேறுகள் வெளியிடப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டன. காதில் கருவி இருக்கிறதா என்று பார்ப்பது பரீட்சைத் திணைக்களத்தின் கடமை. மண்டபத்துக்குள் போகுமுன், மறைவான இடத்தில், ஒரு பெண் உத்தியோகத்தர் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை அது. பெறுபேற்றை நிறுத்தத் தேவையில்லை.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். "நீ யார்?" என்று கேட்டால் முகத்தைக் காட்டுவது நம் கடமை. "உன் உடையை மாற்று" என்றால், எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று பணிவாகக் கேட்பது நம் உரிமை. விதியை எழுத்தில் கேளுங்கள். பரீட்சைக்குப் பெண் பரிசோதகர் வேண்டுமென்றால் அதிபரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பரீட்சை நாள் காலையில் அல்ல.