பேரும் பங்கும்: மாத்தளையில் உழைப்பை அளந்த கதை

ரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலை மலைகளில் விடிகாலைப் பெரட்டுக்கு ஆட்கள் வந்து நின்றதும் வேலை பிரிபடும். கொழுந்துக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர், கான் வெட்ட இத்தனை பேர், முள்ளுக் குத்த இத்தனை பேர். இங்கே 'பேர்' என்றால் ஆள். அந்த ஆளின் ஒரு நாள் உழைப்புக்கும் அதுவே பெயர். "இந்த மாசம் உனக்கு எத்தனை பேரு?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், எத்தனை நாள் வேலை செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், விழுந்திருக்கிறது என்று விசாரிக்கிறாள். சொன்ன அளவு கொழுந்து எடுத்தவளுக்கு முழுப்பேர். அளவு குறைந்தால் அரைப்பேர். மாதக் கடைசியில் கைக்கு வரும் பணம் முழுவதும் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறது.

ஒரு நாளில் ஒருவரால் எவ்வளவு முடியும்? கேள்வி சின்னது. அதற்கு விடை சொல்லும் உரிமை யாருக்கு என்பதில்தான் மாத்தளையின் இருநூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

இந்த மாவட்டம் ஒரே நிலம் அல்ல. தென்கிழக்கில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகள், அவற்றில் தோட்டங்கள். வடக்கே கலேவெல, தம்புள்ளை, சீகிரியா என்று வறண்ட வலயத்துக் குளத்துக் கிராமங்கள். மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்கு ஏ9 வீதியில் ஏறக்குறைய 45 கிலோமீற்றர்தான். ஆனால் உழைப்பைக் கணக்கிட்ட விதத்தில் இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

வடக்கிலிருந்தே தொடங்கலாம். அங்குள்ள சிங்களக் கிராமங்களில் ஒரு குளத்தின் கீழ் வயல் வைத்திருப்பவருக்கு 'பங்குவ' உண்டு. நம்முடைய 'பங்கு' என்ற சொல்தான் அது. பங்கு என்றால் வயலும் தண்ணீரும் மட்டும் இல்லை. அணைக்கட்டில் இத்தனை பாகம் மண் போடுவது, வேலியில் இத்தனை நீளம் அடைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். எவ்வளவு வயலோ அவ்வளவு வேலை. வயலின் அளவையும் அவர்கள் சங்கிலி போட்டுச் சொல்லவில்லை, விதைக்கும் நெல்லால் சொன்னார்கள். பத்து லாஹ ஒரு பெல, நான்கு பெல ஓர் அமுணம். ஓர் அமுண வயல் என்றால் ஓர் அமுண விதைநெல் பிடிக்கும் வயல். மண்ணுக்கு மண் அது விரியும், சுருங்கும். நில அளவையாளருக்கு இது பெரிய தலைவலி. விதைக்கிறவனுக்கோ இதைவிடத் தெளிவான கணக்கு வேறில்லை, ஏனென்றால் அந்த அளவுக்குள் நிலமும் இருந்தது, அவன் படப்போகும் பாடும் இருந்தது.

மழை பொய்த்த ஆண்டில்தான் இந்த முறையின் அருமை தெரியும். குளத்தில் பாதித் தண்ணீர்தான் நிற்கிறது என்றால் எல்லா வயலையும் விதைத்துவிட்டு எல்லாவற்றையும் காயவிட முடியாது. ஊர் கூடி, இந்தத் தண்ணீருக்கு எத்தனை அமுணம் தாங்கும் என்று மதிப்பிடும். பிறகு குளத்துக்கு அண்டிய வயல்களை மட்டும் அந்த ஒரு போகத்துக்கு எல்லோருக்குமாக, அவரவர் பங்கின்படி, மறுபடி பிரித்துக்கொள்ளும். இதற்குப் பெயர் பெத்ம. தன் சொந்த வயலில் இன்னொருவன் ஏர் பூட்ட விட்டுக்கொடுக்க வேண்டும். அடுத்த மழைக்கு வரப்புகள் பழையபடி ஆகிவிடும். தண்ணீர் எவ்வளவு என்ற மதிப்பீட்டை எல்லோரும் சேர்ந்து செய்ததால்தான் இந்த விட்டுக்கொடுப்பு நடந்தது. வெளியிலிருந்து ஒருவர் வந்து அதே எண்ணைச் சொல்லியிருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும்.

இதை ஒரு சமத்துவச் சொர்க்கமாக எண்ணிவிடக் கூடாது. பங்கில்லாதவருக்குப் பேச்சில்லை. பெண்களின் குரல் அபூர்வம். வயலையும் தண்ணீரையும் மேற்பார்க்கும் வெல் விதானையின் சொல்லுக்குக் கனம் அதிகம். இருந்தாலும் கணக்கு ஊருக்குள்ளேயே நடந்தது. கணக்குப் போட்டவனே மண்வெட்டியையும் பிடித்தான்.

பிரித்தானியர் இந்தப் பின்னலை முதலில் அறுத்தார்கள், பிறகு அவர்களே முடிச்சுப் போட முயன்றார்கள். நிலத்தோடு கட்டியிருந்த ராஜகாரிய ஊழியம் 1832இல் ஒழிந்தது. கட்டாய ஊழியம் போனது நல்லதுதான். ஆனால் ஊர்கூடிக் குளம் திருத்தும் வழக்கத்துக்கு இருந்த அதிகாரமும் கூடவே போய், அணைகள் பல பழுதாகிக் கிடந்தன. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், நீர்ப்பாசனச் சட்டம் ஒன்று வந்தது. வயல் உடைமையாளர் கூடி ஒப்புக்கொண்ட இடங்களில் பழைய வழக்கங்களுக்கு அது சட்ட வலு கொடுத்தது.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே மாத்தளை ஒருமுறை தீப்பிடித்தது. 1848இல் ஆளுநர் டொரிங்டன் கொண்டுவந்த வீதிச் சட்டம், வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றது. ஆறு நாள் என்பது எங்கிருந்து வந்தது? எந்த ஊரையும் யாரும் கேட்கவில்லை. நாய்க்கு வரி, துவக்குக்கு வரி என்று மற்ற வரிகளும் சேர்ந்துகொண்டன. ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கிளர்ச்சியாளர்கள் கொங்காலேகொட பண்டாவுக்கு மன்னராக முடி சூட்டினார்கள். இரண்டு நாளில் கூட்டம் மாத்தளைக்குள் புகுந்தது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் அந்த ஆறு நாளைத் தள்ளிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அதே ஆண்டுகளில், அதே தம்புள்ளை வழியாக, வேறொரு கூட்டம் நடந்து வந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டுக் கரையில் தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து, மாத்தளையில் வந்து மூச்சு விட்ட கோப்பித் தோட்டத் தொழிலாளர்கள். கொள்ளைநோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களை எண்ணி வைத்தவர் இல்லை. வந்து சேர்ந்தவர்களை மட்டும் தோட்டம் எண்ணியது. அப்படி எண்ணியதில் பிறந்த அலகுதான் பேர்.

ஆள் திரட்டி வந்து வேலை வாங்கிய கங்காணியின் வருமானமும் இந்தப் பேரில்தான் இருந்தது. தன் கூட்டத்திலிருந்து வேலைக்கு நின்ற ஒவ்வொரு பேருக்கும் அவருக்கு இத்தனை சதம். எத்தனை ஆள் நிற்கிறார்கள் என்பதில் அவருக்குக் கண். எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதில் துரைக்குக் கண். ஒரு நாளில் ஓர் ஆள் எத்தனை குழி தோண்ட வேண்டும், எவ்வளவு பழம் பறிக்க வேண்டும் என்பதெல்லாம் துரைமார் மட்டத்தில் முடிவாகிக் கீழே இறங்கியது. தொழிலாளி மறுத்துப் பேச வழியில்லை. கங்காணியிடம் கடன். அந்தக் கடனை எழுதிய 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்தில் கால் வைக்க முடியாது. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான். அதற்குள் கோப்பி இலைநோயில் அழிந்து தேயிலை வந்துவிட்டது, 1880இல் மாத்தளைக்கு ரயிலும் வந்துவிட்டது. பேர் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரே ஒரு சந்து திறந்திருந்தது. அதற்குத் தோட்டத்தில் கொந்தரப்பு என்று பெயர். 'கொன்ட்ராக்ட்' என்ற ஆங்கிலச் சொல் லயத்தில் தேய்ந்து வந்த உருவம். இந்தத் துண்டு நிலத்தைப் புல் வெட்டி முடி, இவ்வளவு தருகிறேன் என்பது ஏற்பாடு. கொந்தரப்பு எடுக்கிறவர்கள் முதலில் போய் மலையைப் பார்ப்பார்கள். சரிவு எப்படி, கல் எவ்வளவு, மானாப் புல் எவ்வளவு உயரம், மழை எப்போது வரும். "ரெண்டு பேரு போதும்" என்பார் ஒருவர். "எங்கண்ணே, மேல பாறைப்பக்கம் பாத்தீங்களா? நாலு பேரு வேணும்" என்பார் இன்னொருவர். அந்த நாலுக்கும் இரண்டுக்கும் நடுவில் நடக்கும் பேச்சில்தான் மேலே பாறை இருக்கும் செய்தியே வெளியே வருகிறது. இரண்டு என்று சொன்னவர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

இன்று கொழும்பில் மென்பொருள் எழுதும் குழுக்கள் வேலையை மதிப்பிடும்போது செய்வதும் இதைத்தான். அமெரிக்க நிரலாளர் ஜேம்ஸ் கிரென்னிங் 2002இல் இதற்கு ஒரு சீட்டு விளையாட்டைப் போன்ற முறையை வகுத்தார். மைக் கோன் தன் நூல் வழியாக அதைப் பரப்பினார். செய்ய வேண்டிய வேலை ஒன்றை வாசிக்கிறார்கள். குழுவில் ஒவ்வொருவரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார்கள். சீட்டுகளில் 1, 2, 3, 5, 8, 13 என்று எண்கள், அரையும் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் புரட்டுகிறார்கள். ஒரே நேரத்தில் என்பதில்தான் சூட்சுமம். மூத்தவர் முதலில் ஐந்து என்று சொல்லிவிட்டால் இளையவர் பதின்மூன்று என்று சொல்ல வாய் திறக்கமாட்டார். 3 காட்டியவரும் 13 காட்டியவரும் காரணம் சொல்ல வேண்டும். அங்கேதான் பாறை தெரியவரும். பிறகு மறுபடி சீட்டு. சீட்டில் உள்ள எண் மணிக்கணக்கு அல்ல; முன்பு செய்த வேலையோடு ஒப்பிட்டால் இது எத்தனை மடங்கு என்பதுதான். அமுணம் ஏக்கர் கணக்கு அல்லாதது போலத்தான் இதுவும்.

மென்பொருள் உலகமும் முதலில் பெரட்டுக்களத்தைப் போலவே கணக்குப் போட்டுப் பார்த்தது. இத்தனை ஆள், இத்தனை மாதம், பெருக்கினால் வேலை. ஐபிஎம்மின் பெரும் திட்டம் ஒன்றை நடத்தி அடிபட்ட ஃபிரெட் புரூக்ஸ், ஆளையும் மாதத்தையும் அப்படி மாற்றிப் போட முடியாது என்று 1975இல் ஒரு புத்தகமே எழுதினார். தாமதமான வேலைக்குப் புது ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்ட அனுபவம்.

ஆனால் அதே சீட்டு எண்ணை மேலாளர் எடுத்து, போன வாரம் நாற்பது செய்தாய், இந்த வாரம் ஐம்பது செய் என்று சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும் என்று அறிய மலையகத்தைப் பார்த்தால் போதும். மதிப்பீடு கூலியோடு கட்டப்பட்ட நொடியில் அது மதிப்பீடாக இருப்பதில்லை; நெருக்கும் கயிறாகிவிடுகிறது. கங்காணி அரைப்பேர் போட்டதைச் சொல்லி அழும் பாட்டுகள் மலையக நாட்டார் பாடல்களில் இருப்பது சும்மா இல்லை.

அந்தக் கயிற்றைத் தளர்த்தத் தோட்டங்களில் சங்கங்கள் எழுந்தன. 1931இல் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தார். 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வந்தது. 1941இன் சம்பளச் சபைச் சட்டத்தின் கீழ் முதலாளி, தொழிலாளி, அரசு என்று மூன்று தரப்பும் ஒரே மேசைக்கு வந்தன. கூலி மேசைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கூலிக்கு எத்தனை கிலோ என்ற கேள்வி மேசைக்கு முழுதாக வந்து சேரவில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபின், தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் கூட்டு ஒப்பந்தங்கள் போட்டன. அப்போதும் நாளளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக நாட்கூலி 1,000 ரூபாயானது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. அதன்பின் பல தோட்டங்களில் 20 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்ற பேச்சு வந்தது. மலைக்கு மலை சண்டை.

20 கிலோ என்ன, 18 கிலோ என்ன என்று தூரத்திலிருப்பவர் கேட்கலாம். மாத்தளை மலைகளில் ஒரு கொழுந்துக்காரியின் நாளைப் பார்த்தால் விளங்கும். நல்ல மழை பெய்து கொழுந்து தளதளவென்று வந்திருக்கும் நாளில் 20 கிலோ மதியத்துக்குப் பின் சீக்கிரமே சேர்ந்துவிடும். வறட்சியில் அதே நிரையில் அதே கைகள் பொழுது சாயும்வரை பறித்தாலும் பாதி சேராது. வயதான செடி, இடையிடையே செத்த செடி, அட்டை, சரிவு, பழைய கவ்வாத்து. இதெல்லாம் நிரையில் நிற்கிறவளுக்குத் தெரியும். கொழுந்து மடுவத்தில் தராசு ஏறும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிப்பதும் அவளுக்குத் தெரியும். கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அளவு பேசும் இடங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

வடக்கே வெல் விதானைப் பதவி 1958இன் வயற்காணிச் சட்டத்தோடு போய்விட்டது. அந்த இடத்துக்குப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன, பிறகு கமக்காரர் அமைப்புகள் வந்தன. 1976இல் பொல்கொல்லையிலிருந்து மகாவலியைச் சுரங்கம் வழியாக உக்குவளைக்குத் திருப்பியபின், போவத்தென்ன நீர்த்தேக்கம் கடந்து வடக்கே எவ்வளவு தண்ணீர் போகும் என்பதைக் கொழும்பில் கூடும் குழு ஒன்று முதலில் சொல்கிறது. ஆனாலும் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்பாகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் இன்றும் கூடுகிறது. நீர்ப்பாசன அதிகாரி குளத்தின் மட்டத்தை வாசிப்பார். எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் மதகு திறப்பது, எத்தனை மாத நெல் விதைப்பது, எந்த நாளுக்குள் வாய்க்கால் துப்புரவாக வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுப்பார்கள். பின்வரிசையில் யாராவது ஒருவர் எழுந்து, வாய்க்காலின் கடைமடையில் போனமுறை தண்ணீர் வந்து சேர ஐந்து நாளானது என்பார். மேசையில் திகதி ஒன்றை அடித்துவிட்டு வேறொன்றை எழுதுவார்கள்.