அமெரிக்க ஐக்கிய நாடுகள்: விடுதலையும் தேசிய அரசின் உருவாக்கமும்

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் இருந்த 13 பிரிட்டிஷ் குடியேற்றங்கள் 1776-இல் விடுதலையை அறிவித்தன. 1783-இல் பிரிட்டன் அதை ஏற்றது. 1789-இல் இன்றைய கூட்டாட்சி அரசு பதவியேற்றது. வரி விதிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியில்தான் இப்போராட்டம் தொடங்கியது. விடுதலைக்குப் பின் அமைந்த முதல் அரசு தளர்ந்ததற்கும், அடுத்து வந்த அரசு நிலைத்ததற்கும் அதே கேள்விக்குக் கிடைத்த விடைகள் முதன்மையான காரணமாயின.

பின்னணி

பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது, வெற்றி பெற்ற பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைக்கான செலவில் ஒரு பங்கைக் குடியேற்றங்கள் ஏற்க வேண்டும் என லண்டன் முடிவு செய்தது. 1765-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி செய்தித்தாள், உயில், உரிமப் பத்திரம், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு ஆகியவற்றுக்கெல்லாம் வரி கட்டி முத்திரை பெற வேண்டியிருந்தது. அதுவரை உள்ளூர்ச் சட்டமன்றங்களே மக்களிடம் நேரடி வரி தண்டிவந்தன. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலோ குடியேற்றங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. தம் பிரதிநிதிகள் இல்லாத அவைக்கு வரி கட்ட மாட்டோம் என்பது பொது முழக்கமாயிற்று. வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணித்தார்கள். 1766-இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டாலும், குடியேற்றங்களின்மீது தனக்கு முழு அதிகாரம் உண்டென நாடாளுமன்றம் உடனேயே அறிவித்தது.

1767-இல் கண்ணாடி, காகிதம், தேயிலை முதலிய இறக்குமதிகளுக்கு விதித்த வரிகளில், 1770-க்குப் பின் தேயிலை வரி மட்டுமே எஞ்சியது. சென்னையில் கோட்டை கட்டி வணிகம் செய்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது விற்காத தேயிலையோடு திணறிக்கொண்டிருந்தது. அதை மீட்கும் பொருட்டு, தேயிலையை நேரே அமெரிக்காவில் விற்க 1773-இல் அதற்குச் சலுகை தரப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 16 இரவில் பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களிலிருந்து 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது. மாசசூசெட்ஸின் தன்னாட்சியையும் குறைத்தது. இந்தத் தண்டனை மற்றக் குடியேற்றங்களையும் ஒன்றுசேர்த்தது. 1774 செப்டம்பரில் 12 குடியேற்றங்களின் பேராளர்கள் பிலடெல்பியாவில் முதல் கண்டப் பேரவையாகக் கூடினர்.

போரும் விடுதலையும்

1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன், கான்கார்டு ஊர்களில் போர் மூண்டது. இரண்டாம் கண்டப் பேரவை ஜார்ஜ் வாஷிங்டனைப் படைத்தலைவராக நியமித்தது. 1776 ஜனவரியில் வெளிவந்த தாமஸ் பெயினின் 'காமன் சென்ஸ்' என்ற சிறுநூல், மன்னராட்சியையே துறக்க வேண்டும் எனச் சாமானியருக்கும் விளங்கும் நடையில் வாதிட்டது. தாமஸ் ஜெபர்சன் வரைந்த விடுதலைப் பிரகடனத்தைப் பேரவை ஜூலை 4 அன்று ஏற்றது.

1777 அக்டோபரில் சரடோகாவில் கிடைத்த வெற்றி போரின் திருப்புமுனை. அதைக் கண்டு நம்பிக்கை கொண்ட பிரான்சு, 1778-இல் உடன்படிக்கை செய்து பணம், படை, கப்பல் அனைத்தும் தந்தது. 1781 அக்டோபர் 19 அன்று அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளின் முற்றுகையில் சிக்கிய பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸின் படை யார்க்டவுனில் சரணடைந்தது. இதே காரன்வாலிஸ்தான் பின்னாளில் இந்தியாவின் தலைமை ஆளுநராகி, 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் பெற்றவர். 1783 செப்டம்பர் 3 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை விடுதலையை உறுதிசெய்தது.

முதல் அரசு

1781 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'கூட்டமைப்பு விதிகள்' முதல் அரசியலமைப்பு. தொலைவிலிருந்த அதிகாரத்தை எதிர்த்துப் போராடிய மாநிலங்கள், தாங்கள் அமைத்த மைய அரசுக்கும் அதிகாரம் தர அஞ்சின. பேரவைக்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கத்தான் முடியும். தனி நிர்வாகத் தலைவரும் தேசிய நீதிமன்ற அமைப்பும் இல்லை. விதிகளைத் திருத்த 13 மாநிலங்களும் இசைய வேண்டும். இறக்குமதிக்கு ஐந்து சதவீத வரி விதிக்கும் முயற்சி ரோட் தீவு என்ற ஒரே சிறு மாநிலத்தின் மறுப்பால் 1782-இல் வீழ்ந்தது. போர்க்காலத்தில் பேரவை அச்சிட்ட காகிதப் பணம் ஏற்கெனவே மதிப்பிழந்திருந்தது.

இந்த அரசுக்குச் சாதனையும் உண்டு. 1787-ஆம் ஆண்டின் வடமேற்குச் சட்டம், ஓஹாயோ ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறையைத் தடுத்து, புதிய மாநிலங்கள் பழையவற்றுக்கு நிகராகச் சேர வழி வகுத்தது. ஆனால் 1786-இல் மேற்கு மாசசூசெட்ஸில் கடனாலும் வரியாலும் நிலத்தை இழந்த உழவர்கள், டேனியல் ஷேஸ் உள்ளிட்ட முன்னாள் வீரர்களின் தலைமையில் நீதிமன்றங்களை முடக்கியபோது, பேரவையால் ஒன்றும் செய்ய இயலவில்லை. பாஸ்டன் வணிகர்கள் தந்த பணத்தில் திரட்டிய மாநிலப் படையே கிளர்ச்சியை அடக்கியது.

அரசியலமைப்பு மாநாடு

கூட்டமைப்பு விதிகளின் குறைகளைக் களைய 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை பிலடெல்பியாவில் மாநாடு நடந்தது. ரோட் தீவு தவிர 12 மாநிலங்களின் 55 பேராளர்கள் அதில் பங்கேற்றனர். விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்ட அதே மண்டபத்தில், வாயிலில் காவலர் நிற்க, கதவடைத்துப் பேச்சு நடந்தது. முன்வரிசையில் அமர்ந்து ஜேம்ஸ் மேடிசன் நாள்தோறும் எடுத்த குறிப்புகள், அவர் மறைந்த பின் 1840-இல்தான் அச்சேறின.

பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைப்படி இடம் கேட்டன. சிறியவை சம உரிமை கேட்டன. பிரதிநிதிகள் அவையில் மக்கள்தொகைப்படியும், செனட்டில் மாநிலத்துக்கு இரண்டாகவும் இடம் என்ற உடன்பாடு ஜூலை 16 அன்று ஏற்கப்பட்டது. அடிமைகளை ஐந்துக்கு மூன்று பேராகக் கணக்கிட்டுத் தென்மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் தந்ததும், அடிமை இறக்குமதியை 1808 வரை தடுக்கலாகாது என்றதும் அறத்துக்கு மாறான சமரசங்கள். சட்டமியற்றல், நிர்வாகம், நீதி என அதிகாரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வரி விதிக்கும் உரிமை மைய அரசுக்குக் கிடைத்தது. ஆனால் வரி மசோதா மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையிலேயே தொடங்க வேண்டும் என விதிக்கப்பட்டது.

ஒப்புதலும் புதிய அரசும்

ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் போதும் என்ற விதிப்படி, 1788 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக இசைந்தது. எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது: வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27 என்ற வாக்குகளிலேயே ஒப்புதல் கிடைத்தது. ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் ஆதரவாக 85 கட்டுரைகள் எழுதினர். தனிமனித உரிமைகள் எழுத்தில் இல்லை என்ற எதிர்ப்பாளர்களின் குறையைத் தீர்க்கும் வகையில், பத்துத் திருத்தங்கள் கொண்ட உரிமைகள் சாசனம் 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அவர் ஜூலை 4 அன்று கையெழுத்திட்ட சுங்கவரிச் சட்டம், மைய அரசுக்கு முதன்முறையாக நிலையான வருவாய் தந்தது. செப்டம்பரில் ஆறு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம் நிறுவப்பட்டது. நிதிச் செயலர் ஹாமில்டனின் திட்டப்படி மாநிலங்களின் போர்க்கடனையும் மைய அரசே ஏற்றது.

பிரகடனம் முழங்கிய சமத்துவம் எல்லோருக்கும் கிட்டவில்லை. 1790-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 39 லட்சம் பேரில் சுமார் ஏழு லட்சம் பேர் அடிமைகள். பூர்வகுடிகளின் நிலங்கள் அவர்களைக் கேளாமலே பாரிஸ் உடன்படிக்கையில் கைமாறின. அடிமைமுறை 1865-இல் 13-ஆம் திருத்தத்தால் ஒழிந்தது. பாலின அடிப்படையில் வாக்குரிமை மறுப்பதை 1920-இல் 19-ஆம் திருத்தம் தடைசெய்தது. 1787-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு 27 திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.