இறைச்சி தின்று தள்ளாடிய நாய்கள்

உடலியலாளர் பாவ்லோவ் என்றதும் மணியோசைக்கு எச்சில் ஊறும் நாய்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கால்நடை மருத்துவம் அவருக்குக் கடன்பட்டிருப்பது வேறு சில நாய்களுக்காக.

கதை அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் எக் என்ற இராணுவ மருத்துவர் எட்டு நாய்களுக்கு அறுவை செய்தார். குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையை, நேரே இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையோடு தைத்துவிட்டு, கல்லீரலுக்குள் நுழையும் வழியைக் கட்டினார். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்த மனிதர்களுக்கு இது உதவும் என்பது அவர் கணக்கு. ஏழு நாய்கள் ஒரு வாரத்துக்குள் செத்தன. எட்டாவது இரண்டரை மாதம் தாக்குப்பிடித்து, கடைசியில் ஆய்வுக்கூடத்தை விட்டு ஓடியே போனது. அந்த ஒற்றை நாயை வைத்துக்கொண்டு மனிதருக்கும் இதைச் செய்யலாம் என்று அவர் எழுதியது அசாத்தியத் துணிச்சல்.

அதே நகரில் 1893இல் பாவ்லோவும் வேதியியலாளர் நென்ஸ்கியும் கூட்டாளிகளோடு அந்த அறுவையை மீண்டும் செய்தார்கள். இந்த முறை பிழைத்த நாய்களை விடாமல் கவனித்தார்கள். சாதுவானவை சீறின, தள்ளாடின, கண் தெரியாமல் முட்டிக்கொண்டன, வலிப்பு வந்து விழுந்தன. இறைச்சி தின்றால் நிலைமை மோசமானது. சில நாய்கள் இறைச்சியைத் தாமாகவே ஒதுக்கின. காரணத்தையும் அவர்கள் நெருங்கிவிட்டார்கள். புரதம் குடலில் சிதையும்போது அம்மோனியா பிறக்கிறது. அதை யூரியாவாக மாற்றுவது கல்லீரலின் வேலை. இரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போனால் அந்த நஞ்சு மூளைக்கு ஏறுகிறது.

மனிதன் கத்தியால் உண்டாக்கிய இதே கோளாறோடு சில நாய்க்குட்டிகள் பிறக்கவே செய்கின்றன. தாயின் வயிற்றிலிருக்கும் குட்டிக்குக் கல்லீரலைத் தவிர்க்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ள வேண்டும். ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் போன்ற பெரிய இனங்களில் சில குட்டிகளுக்கு அது மூடுவதில்லை. யார்க்ஷயர் டெரியர், மால்ட்டீஸ் போன்ற சிறிய இனங்களில் சில குட்டிகளுக்குக் கல்லீரலுக்கு வெளியே வேண்டாத நாளமொன்று உருவாகிவிடுகிறது. 1949இல் இப்படியொரு நாயின் உடற்கூற்றை ஆய்விதழ் ஒன்று விவரித்தது. ஆனால் இதை உயிரோடிருக்கும் நாயிடம் கண்டறியக்கூடிய நோயாக மருத்துவர்கள் பரவலாகக் கருதியது 1970களில்தான். அதுவரை எத்தனை குட்டிகளைக் காக்காய்வலிப்பு என்று முடிவுகட்டியிருப்பார்களோ!

சிகிச்சை வழி மெல்லத்தான் திறந்தது. குடலில் அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் லாக்டுலோஸ் 1960களில் மனித நோயாளிகளுக்குப் பயன்பட்டு, பிறகு நாய்களுக்கும் வந்தது. இறைச்சியைக் குறைத்துப் பால், சோயா புரதங்களைக் கொடுப்பது பாவ்லோவின் நாய்கள் காட்டிய பாதைதான். அறுவையில் சிக்கல் வேறு: தவறான நாளத்தை ஒரேயடியாகக் கட்டினால், பழக்கமில்லாத கல்லீரல் அத்தனை இரத்தத்தையும் ஏற்க முடியாமல் அழுத்தம் ஏறி நாய் இறக்கலாம். 1990களில் பரவிய, நாளத்தைச் சுற்றிப் பொருத்தும் அமிராய்டு வளையம் இதற்கு விடை தந்தது. அது உலோக உறைக்குள் பால்புரதமான கேசினை வைத்துச் செய்தது. கேசின் ஈரத்தை உறிஞ்சி உள்நோக்கி ஊதி, சில வாரங்களில் நாளத்தை மெல்ல நெரிக்கிறது.

உங்கள் குட்டி உடன்பிறந்தவற்றைவிட வளராமல் நின்றாலோ, சாப்பிட்டபின் சுவரை வெறித்தாலோ, சிறுவயதிலேயே சிறுநீர்க்கல் வந்தாலோ, வெறும் வயிற்றிலும் உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் எடுக்கும், கல்லீரலின் வேலையைக் காட்டும் பித்த அமில இரத்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.