இருளறையும் வெட்டொளியும்
கமரா பிளாஷின் வரலாறும் மலையகத்திற்கேற்ற தெரிவும்

ஒளிப்படக் கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் அதனை ஒளியின் வரலாறாகவே எழுதிச் சென்றுள்ளனர். அக்கலை இருளை எவ்வாறு எதிர்கொண்டது, எவருடைய இருளுக்குள் ஒளியைக் கொண்டு சென்றது என்னும் வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை. பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள லுணுகலையையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் பொறுத்தவரையில் இவ்வினாக்கள் முதன்மையானவை. இன்று பல்கலைக்கழக மாணவர் பலரது கைகளில் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கமரா உள்ளது. அக்கமராவின் மேற் பொருத்தும் புற பிளாஷைத் தெரிவு செய்யும்போது விலையையும் விளம்பரத்தையும் நோக்குவோர், அக்கருவி எத்தகைய வீட்டை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டது என்பதை நோக்குவதில்லை. இத்தெரிவை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகலொளியில் அகப்பட்ட தோட்டம்

மலையகம் ஒளிப்படத்திற்குப் புதிதன்று. புகழ்பெற்ற ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கெமரன் 1875 ஆம் ஆண்டு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். இங்கு அவர் எடுத்த படங்களிலே தோட்டத் தொழிலாளரும் இடம்பெற்றனர். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றிற் காலமான அவர், பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். கண்டியில் ஸ்கோவன், கொழும்பில் ஸ்கீன், பின்னர் 1890 இல் தொடங்கப்பெற்ற பிளாட்டே ஆகிய நிறுவனங்கள் கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்களை உலகெங்கும் விற்றன. அப்படங்களில் உள்ளோரின் பெயர்கள் பெரும்பாலும் குறிக்கப்படவில்லை.

இப்படங்கள் யாவற்றிற்கும் பொதுவான பண்பொன்றுண்டு. அவை வெளியில், பகலொளியில் எடுக்கப்பட்டவை. இதற்கு முதற் காரணம் தொழில்நுட்பமே. அக்காலத்து ஈரத் தகட்டு முறையிற் படமொன்று பதிவதற்குப் பல விநாடிகள் வேண்டியிருந்தன. எனவே மலைச்சரிவும் தேயிலைச் செடியும் கூடையும் பதிவாயின. லயக் காம்பரா பதிவாகவில்லை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதாய், பல இடங்களில் யன்னலுமின்றி, அடுப்புப் புகை படிந்து கிடந்த அவ்வறைக்குள்ளேதான் பிறப்பும் நோயும் இறப்பும் நிகழ்ந்தன. உழைப்பின் தோற்றம் உலகுக்குக் காட்டப்பட்டது. உழைத்தவரின் வாழ்விடம் ஒளிப்படத்திற்குப் புறம்பாயிற்று.

மகனீசியத்திலிருந்து மின்னொளி வரை

உலகின் பிற பாகங்களில் இருளை வெல்லும் முயற்சி அப்போதே தொடங்கிவிட்டது. 1861 அளவில் நாடார் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் பாரிஸ் நகரின் நிலவறைகளை மின்விளக்கொளியிற் படமெடுத்தார். 1865 இல் பியாசி ஸ்மித் என்னும் வானியலாளர் எகிப்தியப் பெருங்கூர்ங்கோபுரத்தின் உட்புறத்தை மகனீசிய ஒளியிற் பதிவு செய்தார். 1887 இல் ஜெர்மானியரான மீதே, கேடிக்கே ஆகிய இருவரும் மகனீசியத்தூளுடன் ஒட்சியேற்றும் பொருளைக் கலந்து வெட்டொளித்தூளை ஆக்கினர்.

இத்தூளின் சமூகப் பயனை உணர்ந்தவர் நியூயோர்க்கில் வாழ்ந்த டென்மார்க்குப் பத்திரிகையாளர் யாக்கோப் ரீஸ் ஆவார். குடியேறிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இருளறைகளுக்குள் இரவில் நுழைந்து, தூளைக் கொளுத்திப் படமெடுத்த அவர், 1890 இல் அவற்றை நூலாக வெளியிட்டார். குடியிருப்புச் சீர்திருத்தத்துக்கான இயக்கத்திற்கு அந்நூல் வலுவூட்டியது. ஆயினும் அனுமதியின்றி உறங்குவோரின் முகத்தில் ஒளியை வெடிக்கச் செய்த முறை இன்று கண்டனத்துக்குள்ளாகின்றது. தூள் தீப்பற்றி வீடெரிந்த நிகழ்ச்சிகளை ரீஸ் தாமே எழுதியுள்ளார். பிளாஷ் உண்மையை வெளிக்கொணரும் கருவியாகவும் அத்துமீறும் கருவியாகவும் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டமை இங்கு கருதத்தக்கது.

1929 இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த, அலுமினியத் தகடும் ஒட்சிசனும் அடைத்த குமிழ் விளக்கு, புகையையும் தீயச்சத்தையும் நீக்கியது. எனினும் ஒரு குமிழ் ஒரு படத்துக்கே உதவிற்று. 1931 முதல் அமெரிக்காவில் ஹரல்ட் எட்ஜர்ட்டன் விருத்தி செய்த முறையே இன்றைய பிளாஷின் மூலமாகும். கொள்ளளவியொன்றிற் சேமித்த மின்னேற்றம் வாயு நிரம்பிய குழாயினூடே ஒரு கணத்திற் பாய்ந்து ஒளியாகின்றது. 1975 இல் ஒலிம்பஸ் ஓ.எம்.-2 கமரா, வில்லையினூடே வந்து பிலிமில் தெறிக்கும் பிளாஷ் ஒளியை அளந்து தானே கட்டுப்படுத்தும் வசதியை அளித்தது.

முகமும் குடியுரிமையும்

இதே காலப்பகுதியில் மலையகத்தில் ஒளிப்படம் வேறொரு பொருளைப் பெற்றது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாக ஏற்பதென 1974 இல் முடிவாயிற்று. கடவுச்சீட்டிலே முகம் ஒட்டப்பட்டது. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையிலும் முகமே சான்றாயிற்று. முன்னர் பெயரற்று அஞ்சலட்டையில் விற்கப்பட்ட முகம், இப்போது பெயருக்கும் உரிமைக்கும் ஆதாரமாக வேண்டியதாயிற்று. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தளவில் இறுதித் தீர்வு காண 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

எனினும் அடையாளப் படம் வெள்ளைத் திரையின் முன் எடுக்கப்படுவது. காம்பராவும் இஸ்தோப்பும் அதில் இடம்பெறா. அவற்றைப் பதிவு செய்யும் பணி இன்றும் எஞ்சியுள்ளது. தெரிவு பற்றிய வினா இங்குதான் எழுகின்றது.

தெரிவின் அடிப்படைகள்

பிளாஷின் வலிமையை 'வழிகாட்டி எண்' உணர்த்தும். அது தூரத்தையும் வில்லையின் துவார எண்ணையும் பெருக்கி வருவது. ஐ.எஸ்.ஓ. 100 இல் வழிகாட்டி எண் 36 மீற்றர் எனின், துவார எண் 4 இல் 9 மீற்றர் தூரம் வரை ஒளி போதியதாகும். ஐ.எஸ்.ஓ. 400 இல் அத்தூரம் இருமடங்காகும். ஒளி நேர்மாறு வர்க்க விதிக்குக் கட்டுப்பட்டதாகலின், தூரம் இரட்டித்தால் ஒளி நாலிலொன்றாகக் குறையும். விளம்பரங்கள் தரும் எண், தலைப்பகுதியைத் தூரக் காட்சிக்கெனக் குவித்த நிலையில் அளந்ததாக இருக்கக்கூடும். ஆதலின் இரு கருவிகளை ஒரே குவிநிலையில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

அடுத்து, தலைப்பகுதி மேலும் பக்கமும் திரும்ப வேண்டும் என்று கைந்நூல்கள் யாவும் கூறும். நேரே முகத்தில் அடிக்கும் ஒளி தட்டையாக விழுந்து சுவரிற் கடுநிழலை வீழ்த்தும். வெண்கூரையில் தெறிக்கச் செய்த ஒளியோ மென்மையாகப் பரவும். இவ்வறிவுரை சரியானதே. ஆனால் அது வெண்ணிறக் கூரையுள்ள வீட்டை முற்கோளாகக் கொண்டது. புகை படிந்த தகரக் கூரை ஒளியை விழுங்கும். நீலமோ பச்சையோ பூசிய சுவரிற் பட்டுத் தெறிக்கும் ஒளி, அந்நிறத்தை முகத்தில் ஏற்றும். எனவே லயக் காம்பராவுக்குள் படமெடுக்க விரும்புவோர் கூரையை நம்பலாகாது. பிளாஷைக் கமராவிலிருந்து கழற்றித் தொலைவிலிருந்து இயக்கும் வசதியும், ஒளியைத் தெறிக்கச் செய்யும் சிறு வெண்குடையும் அவர்க்கு இன்றியமையாதன. வெள்ளை வேட்டியொன்றை இழுத்துக் கட்டினும் கூரையின் வேலையை அது செய்யும். குடையும் துணியும் ஒளியிற் பெரும்பங்கைக் குறைப்பதால், வழிகாட்டி எண் சற்று உயர்ந்த கருவியே உகந்தது.

மூன்றாவது, பொருத்தம். பிலிமின் பரப்பில் தெறித்த ஒளியை அளந்த பழைய முறை டிஜிட்டல் உணரிக்கு ஒவ்வாது. உணரியின் பரப்பு பிலிமைப்போல ஒளியைத் தெறிக்கச் செய்வதில்லை. ஆகவே இன்றைய கமராக்கள் படத்துக்கு முன்னர் சிறு முன்னொளியைப் பாய்ச்சி அதனை அளக்கின்றன. கனன் நிறுவனம் 1995 இலும் நிக்கோன் நிறுவனம் 2003 இலும் புகுத்திய முறைகள் இத்தகையன. ஒரு நிறுவனத்தின் தன்னியக்க முறை மற்றொன்றின் கமராவில் இயங்காது. பழைய பிளாஷைக் குறைந்த விலையில் வாங்கும் மாணவர் மேலுமொன்றை அறிதல் வேண்டும். அவற்றுட் சில, கமராவின் தொடுமுனையில் 200 வோல்ற்றுக்கும் மேற்பட்ட அழுத்தத்தை ஏற்றுவன. அது டிஜிட்டல் கமராவின் மின்சுற்றைப் பழுதாக்கக்கூடும். அளந்து பாராது பொருத்துதல் ஆகாது. அழுத்தம் குறைந்ததாயின், ஒளியளவைக் கையால் மாற்றும் வசதியுள்ள பழைய கருவியே போதும். சிறிய அறைக்குள் தூரம் மாறுவதில்லை. ஒருமுறை அளந்த ஒளி ஈற்றுவரை உதவும்.

காமன் கூத்தும் கட்டுப்பாடும்

மாசி மாதத்தில் தோட்டங்களில் விடிய விடிய நிகழும் காமன் கூத்து வேறொரு சோதனையாகும். காமன் பொட்டலுக்குக் கூரையே இல்லை. ஆடுவோர் அசைந்துகொண்டே இருப்பர். தூரம் கணந்தோறும் மாறும். இங்கு தன்னியக்க அளவீடும், விரைவில் மின்னேற்றம் பெறும் ஆற்றலும் வேண்டும். நான்கு மின்கலங்களை நம்பி இரவைக் கழித்தல் இயலாது; மீள மின்னேற்றக்கூடிய கலங்கள் இரு தொகுதியேனும் கைவசம் இருத்தல் நன்று.

தொழில்நுட்பத்தினும் மேலானதொரு கருத்தும் இங்குண்டு. ரதியும் மதனும் ஆடும் களத்தைத் தீப்பந்தமும் பெற்றோமாக்சும் காத்த அரையிருளும் அக்கூத்தின் அழகியலுக்குரியது. முழு வலிமையிற் பாயும் பிளாஷ் அவ்விருளை அழித்து, ஆட்டத்தைப் பகற்காட்சியாக மாற்றிவிடும். ஆடுவோரின் கண்ணையும் கூசச் செய்யும். இன்றைய உணரிகள் ஐ.எஸ்.ஓ. 3200 இலும் பயன்தரும் படத்தை அளிப்பதால், பந்தத்தின் ஒளியையே முதன்மையாகக் கொண்டு, முகக்குறிப்புத் தெரியுமளவுக்கு மட்டும் பிளாஷைக் குறைத்துச் செலுத்தலாம். வலிமையைப் படிப்படியாகக் குறைக்க இயலாத கருவி எத்துணை மலிவாயினும் இப்பணிக்கு உதவாது. அருள் வந்து ஆடுவோர்மீது அனுமதியின்றி ஒளி பாய்ச்சுதல், ரீஸ் உறங்குவோர்மீது செய்ததனின்றும் வேறுபட்டதன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பிளாஷின் ஒவ்வொரு வளர்ச்சியும் அதனை ஆக்கியோர் வாழ்ந்த இடத்தின் தேவையிலிருந்து பிறந்தமை புலனாகும். அவர்தம் கைந்நூல்களை அவ்வாறே பின்பற்றுவோமாயின், வெண்கூரை வீடுகளே நம் படங்களிலும் நன்கு பதியும். தோட்டத்து வீடு மீண்டும் இருளில் விடப்படும். லயங்கள் பல இடங்களிலே தனி வீடுகளாக மாறிவருகின்றன. அம்மாற்றம் வரவேற்கத்தக்கது. அதேவேளை, ஒன்றரை நூற்றாண்டு வாழ்வின் உட்புறம் பதிவாகாமலே மறையும் நாளும் அண்மிக்கின்றது. எனவே வலிமையைக் கையால் மாற்றக்கூடிய, கமராவிலிருந்து பிரித்து இயக்கக்கூடிய நடுத்தர பிளாஷொன்றும் வெண்குடையொன்றும் கொண்டு, வீட்டாரின் இசைவுடன், அவர்தம் பெயர்களையும் குறித்து அப்பதிவைச் செய்ய மலையக மாணவர் முன்வருதல் வேண்டும். கெமரனின் காலத்திற் குறிக்கப்படாத பெயர்களை இனி அறிதல் அரிது. இன்று வாழ்வோரின் பெயர்களை எழுதி வைத்தல் நம்மால் இயலும்.