மூடப்பட்ட புகார்கள்

பொட்டி தட்டும் நம்மாட்களுக்கு ஒரு தில்லாலங்கடி தெரிந்திருக்கும். ரிலீஸுக்கு முந்தின நாள், பக் எண்ணிக்கையைக் குறைக்கணும். சரி பண்ண நேரமில்லை. "எங்க மெஷின்ல வரலை"ன்னு எழுதி மூடிட்டா கிராஃப் அழகாயிடும். நானும் செஞ்சிருக்கேன்.

இதையே ஒரு ஊர் போலீஸ் செய்தால்? சிகாகோவில் செய்தார்கள். அம்பலப்படுத்தியவர் பாம் செக்மன் என்ற டிவி நிருபர்.

அம்மணி முதலில் பத்திரிகைக்காரர். 1972 பிரைமரி தேர்தல் தில்லுமுல்லுகளை வெளிக்கொண்டு வந்த சிகாகோ டிரிப்யூன் குழுவில் இருந்தார். அதற்கு 1973-ல் புலிட்சர். அப்புறம் சன்-டைம்ஸ் பத்திரிகைக்கு மாறினார். 1977-ல் அந்தப் பத்திரிகையும் ஒரு பொதுநல அமைப்பும் சேர்ந்து ஒரு பாரையே விலைக்கு வாங்கின. பெயர் 'மிராஜ்', அதாவது கானல் நீர். குசும்பைப் பாருங்க! நிருபர்கள் சரக்கு ஊற்ற, போட்டோகிராபர்கள் ஒளிந்திருந்து படமெடுக்க, மாமூல் வாங்க இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். 10 டாலருக்கே கண்ணை மூடிக்கொண்டவரும் உண்டு. 1978 ஜனவரியில் 25 பகுதிகளாகத் தொடர் வந்து ஊரே நாறியது. ஆனால், பொய் வேஷம் போட்டு உண்மையைப் பிடிக்கலாமா என்று கேள்வி கிளம்பி, புலிட்சர் கைநழுவியது.

1981-ல் டபிள்யூபிபிஎம் என்ற உள்ளூர் டிவிக்கு வந்தார். மறு வருஷமே கையில் எடுத்தது போலீஸ் புகார்க் கணக்கை. பாலியல் வன்முறை, வழிப்பறி, திருட்டு என்று வந்த புகார்களில் ஏராளமானவற்றை 'ஆதாரமில்லை' என்று எழுதி மூடியிருந்தார்கள். மற்ற பெருநகரங்களை விட மிக அதிகம். பிறகு போலீஸ் துறையே நடத்திய தணிக்கையும் உண்மைதான் என்றது. ஒழுங்காகப் பதிய ஆரம்பித்ததும் குற்ற எண்ணிக்கை எகிறியது. குற்றம் கூடவில்லை சாமி, கணக்குதான் நேரானது.

எல்லாரும் மிராஜைத்தான் பேசுவார்கள். எனக்கு இதுதான் பெரிசு. 10 டாலர் லஞ்சம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பாதிக்கப்பட்ட ஒரு பொண்ணு ஸ்டேஷன் படியேறிச் சொன்னதை, நடக்கவே இல்லைன்னு ஒரு வரியில் அழிப்பது யாருக்கும் தெரியாது. கூட்டிக் கழிச்சுப் பார்க்க ஒருத்தர் வேணும்.

2020-ல் ஓய்வு பெறும் வரை, கிட்டத்தட்ட 40 வருஷம், அதே டிவியில்தான் இருந்தார்.

நாளைக்கு எங்க ரிலீஸ். நாலு பக் திறந்திருக்கு. இந்த தடவை மூடலை. மேனேஜர் திட்டினா திட்டட்டும் :-)